அவளுக்கும் கடவுளுக்கும் இடையே: ஆங்கில இளையோர் புனைவில் பெண் பாத்திரங்களும் மாறிவரும் சமய நோக்கும்

ஆங்கிலத்தில் பதின்பருவத்தினரை வாசகராகக் கொண்டு எழுதப்பட்டு, நூலகங்களில் சிறுவர் நூல்களுக்கும் பெரியோர் நாவல்களுக்கும் இடையே தனி அடுக்கில் வைக்கப்படும் 'இளையோர் புனைவு' என்னும் இலக்கிய வகை, சமயத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டபோது, அதன் கூர்மையான கேள்விகளுள் பலவற்றைப் பெண் பாத்திரங்களின் வாயிலாகவே எழுப்பி வந்திருக்கிறது. இவ்வகையின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் ஒரு நேர்கோட்டை வரைவர்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாயகி மண்டியிட்டுச் செபித்தாள், இருபதாம் நூற்றாண்டின் நாயகி ஐயுற்றாள், இன்றைய நாயகி விலகிவிட்டாள் என்பது அந்தக் கோடு. நூல்களை வரிசையாக வைத்துப் படிப்பவருக்கு இந்தக் கோடு நிலைப்பதில்லை. செபித்த நாயகியே தந்தையை எதிர்த்து நின்றாள். ஐயுற்ற நாயகி கடவுளோடு பேசுவதைக் கைவிடவில்லை. விலகியிருக்க வேண்டிய காலத்து நாயகியருள் சிலர் தாமாகவே ஹிஜாப் அணிந்துகொண்டனர். இந்நூல்களில் மாறிவந்திருப்பது நம்பிக்கையின் அளவு என்பதைவிட, அந்த நம்பிக்கையைப் பற்றிப் பேசும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே ஆகும். ஓர் இளம்பெண்ணுக்கும் அவளுடைய கடவுளுக்கும் இடையே யார் நிற்கலாம் என்ற வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறை எழுத்தாளரும் வேறு வேறு விடை தந்துள்ளனர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இளையோர் புனைவு தனி வகையாக அடையாளம் பெற்றது அண்மைக் காலத்தில்தான். எஸ். ஈ. ஹின்டன் தம் பதின்பருவத்திலேயே எழுதி 1967இல் வெளியிட்ட 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை அதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஆயினும் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, சிறுமியரை நோக்கி எழுதப்பட்ட குடும்பக் கதைகள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெருவாரியாகப் படிக்கப்பட்டன. ஞாயிறு பள்ளிகளில் பரிசாக வழங்கப்படுவதற்கென்றே பல நூல்கள் அச்சாயின. சமயத்தைப் பொறுத்தவரை இன்றைய இளையோர் நாவலின் முன்னோர் அந்தக் குடும்பக் கதைகளே.

அவற்றுள் மிகுந்த பக்திப் பெருக்குடையது மார்த்தா ஃபின்லி 1867இல் தொடங்கிய 'எல்ஸி டின்ஸ்மோர்' வரிசை. இருபத்தெட்டு நூல்களாக வளர்ந்த இவ்வரிசையின் முதல் நூலில், தாயை இழந்த எட்டு வயதுச் சிறுமி எல்ஸி, நீண்ட காலம் பிரிந்திருந்து திரும்பிவந்த தந்தையின் அன்புக்கு ஏங்குகிறாள். விருந்தினர் முன் ஒரு பாடலைப் பியானோவில் வாசிக்கும்படி அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டளையிடுகிறார். ஓய்வுநாளில் உலகியல் பாடலை வாசிப்பது கடவுளின் கட்டளைக்கு மாறானது என்று அவள் மறுக்க, இணங்கும்வரை இருக்கையை விட்டு எழக்கூடாது என்று தண்டிக்கப்பட்டு, மணிக்கணக்கில் அமர்ந்திருந்து மயங்கி விழுகிறாள். அடுத்த நூலில் இப்போராட்டம் இன்னும் கடுமையாகி, சிறுமி சாவின் விளிம்புவரை சென்று மீண்ட பிறகு தந்தையே மனம் மாறி அவளுடைய நம்பிக்கையை ஏற்கிறார். இக்கதையை அடக்கவொடுக்கத்தின் பாடநூல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தந்தையின் சொல்லே சட்டமாக இருந்த வீட்டில், வாக்குரிமை இல்லாத ஒரு சிறுமிக்கு 'முடியாது' என்று சொல்வதற்கு இருந்த ஒரே நியாயம், தந்தைக்கும் மேலான ஒருவருக்குத் தான் பொறுப்புடையவள் என்ற நம்பிக்கைதான் என்பதை ஃபின்லி தெளிவாகக் கண்டிருக்கிறார். பக்தி இங்கே கீழ்ப்படிதலின் உச்சமாகவும் கீழ்ப்படியாமையின் அனுமதியாகவும் ஒரே நேரத்தில் இயங்குகிறது.

அந்த அனுமதி யாருக்கெல்லாம் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போருக்கு முந்திய அமெரிக்கத் தென்மாநிலத் தோட்ட மாளிகையில் நிகழும் இக்கதையில், எல்ஸிக்கு இறைநம்பிக்கையை ஊட்டியவர்களுள் ஒருவர் அவளை வளர்த்த அடிமைப் பெண்ணான குளோயி. மனச்சான்றின் பெயரால் தந்தையை மறுக்கும் எல்ஸி, தன்னை வளர்த்தவள் ஒரு மனிதரின் உடைமையாக இருப்பதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் கேள்வி கேட்பதில்லை. நூலாசிரியருக்கும் அது கேள்வியாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் சுவிசேஷ கிறித்தவக் குடும்பங்களின் சிறுமியருக்காக இவ்வரிசை திருத்தி எழுதப்பட்டு மறுபதிப்பானபோது மாற்றப்பட்டவற்றுள் இப்பகுதிகளும் அடங்கும்.

லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' (1868, 1869) எல்ஸியின் முதல் நூலுக்கு ஓராண்டு பின்னர் வந்தது என்பதை நம்புவது கடினம். அவ்வளவு வேறான சூழல் அதில் நிலவுகிறது. ஜான் பனியன் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய 'மோட்சப் பயணம்' என்னும் உருவகக் கதையைச் சட்டகமாகக் கொண்டு, தன் குணக்குறையைச் சுமையாகத் தூக்கிக்கொண்டு நடக்கும் பயணியாக ஒவ்வொரு சகோதரியையும் ஆல்காட் அமைக்கிறார். தந்தை போர்க்களத்தில் படைப் போதகராக இருக்கிறார். எனவே குடும்பத்தின் சமய வாழ்வு முழுவதும் தாயின் கைக்கு வருகிறது. கோபத்தை அடக்க முடியாமல் தவிக்கும் சகோதரியான ஜோவுக்குத் தாய் எந்தக் கோட்பாட்டையும் போதிப்பதில்லை. தானும் அதே கோபத்தோடு ஆண்டுக்கணக்கில் போராடி வருவதை ஒப்புக்கொண்டு, தனக்கு உதவிய கடவுளை நண்பரைப் போல மகளுக்கு அறிமுகம் செய்கிறாள். கோவில் வழிபாடும் சடங்கும் கதையில் அருகியே வருகின்றன. கிறித்துவின் மீட்பு பற்றிப் பேசாத நூல் என்று அக்காலத்துச் சமய மதிப்புரையாளர் குறைப்பட்டதற்கும் காரணம் இதுவே. ஆல்காட்டின் தந்தை, இயற்கையிலும் மனித உள்ளத்திலும் நேரடியாகக் கடவுளை உணரலாம் என்று நம்பிய 'கடப்புநிலைவாதிகள்' என்னும் நியூ இங்கிலாந்துச் சிந்தனையாளர் குழுவைச் சேர்ந்தவர். அந்த நம்பிக்கையைத் தத்துவ மேடையிலிருந்து இறக்கிச் சமையலறைக்கும் தையல் கூடைக்கும் அருகே கொண்டுவந்தவர் மகளே.

எல். எம். மான்ட்கோமரியின் 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' (1908) நாவலில், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையைச் சேர்ந்த ஒரு வீட்டுக்கு வந்துசேரும் அனாதைச் சிறுமி ஆன், தன் தலைமுடியைக் கடவுள் வேண்டுமென்றே சிவப்பாகப் படைத்தார் என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அவரைப் பொருட்படுத்தாமல் இருந்தவள். வளர்ப்புத் தாய் மரில்லாவின் வற்புறுத்தலால் முதன்முதலாகச் செபிக்கும்போது, தனக்கு வேண்டியவற்றைக் கேட்டுவிட்டு, மரியாதையான கடிதத்தை முடிப்பது போல அதை முடிக்கிறாள். மரில்லா திகைக்கிறாளே தவிரத் தண்டிப்பதில்லை. பிறர் அன்பின் வழியே கடவுளின் அன்பை அறியும் வாய்ப்பே கிடைக்காத குழந்தைக்குப் பக்தி எப்படி வரும் என்று எண்ணிப் பார்க்கிறாள். இந்நாவலில் அதைவிடத் துணிவான இடம் ஒன்று பின்னால் வருகிறது. பெண்கள் ஏன் போதகராகக் கூடாது என்று ஆன் கேட்கிறாள். திருச்சபைக்குப் பணம் திரட்டும் தேநீர் விருந்து என்றால் வேலை முழுவதையும் பெண்களே செய்யும்போது, பிரசங்கம் மட்டும் ஏன் அவர்களால் ஆகாது என்பது அவளுடைய வாதம். கதை அந்தக் கேள்விக்கு விடை தராமல் கடந்து செல்கிறது. மூன்றாண்டுகளுக்குப் பின் மான்ட்கோமரி ஒரு பிரெஸ்பிட்டேரியன் போதகரை மணந்து, போதகர் மனைவிக்குரிய பணிகளை நீண்ட காலம் ஏற்று நடத்தினார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை விரைந்து கடந்துவிடலாம். இரண்டு பாத்திரங்கள் மட்டும் பின்னர் வரப்போவதை விளக்க உதவுகின்றன. நார்னியா என்னும் கற்பனை உலகைப் பற்றிய சி. எஸ். லூயிஸின் வரிசையின் இறுதி நூலான 'தி லாஸ்ட் பேட்டில்' (1956) நாவலில், உடன்பிறந்தார் நால்வருள் மூத்த பெண்ணான சூசன் மட்டும் நார்னியாவின் மீட்பிலிருந்து விடுபட்டு நிற்கிறாள். அவள் உதட்டுச் சாயத்திலும் காலுறைகளிலும் விருந்து அழைப்புகளிலும் நாட்டம் கொண்டு நார்னியாவை மறந்துவிட்டாள் என்று மற்றவர்கள் குறிப்பிடுகின்றனர். சூசன் பிற்காலத்தில் தன் வழியில் திரும்பிவரக்கூடும் என்று லூயிஸ் ஒரு வாசகச் சிறுவனுக்குக் கடிதம் எழுதினார் என்றாலும், நூலில் அந்த வழி எழுதப்படவில்லை. பெண் வளர்வதையும் நம்பிக்கையிலிருந்து வழுவுவதையும் அருகருகே நிறுத்திய அந்த ஒரு பக்கம் பல வாசகரை இன்றளவும் உறுத்தி வருகிறது. இதற்கு மாறாக, மேடலின் லெங்கிளின் 'எ ரிங்கிள் இன் டைம்' (1962) நாவலில், கண்ணாடி அணிந்த, கோபக்காரியான, கணிதத்தில் தேர்ந்த மெக் மர்ரி தன் குறைகளோடேயே பிரபஞ்சத்தின் இருளை எதிர்கொள்கிறாள். எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்த பக்தரான லெங்கிள், இருளை எதிர்த்துப் போராடியோர் வரிசையில் இயேசுவுடன் புத்தரையும் காந்தியையும் ஐன்ஸ்டைனையும் நிறுத்தியதற்காகப் பழமைவாதக் கிறித்தவர்களின் கண்டனத்துக்கு ஆளானார்.

ஜூடி ப்ளூம் 1970இல் வெளியிட்ட 'ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்' என்ற சிறு நாவலில்தான் இந்த வரலாறு முற்றிலும் திசை திரும்புகிறது. பன்னிரண்டு வயதை நெருங்கும் மார்கரெட் சைமன், நியூயார்க் நகரிலிருந்து நியூ ஜெர்சியின் புறநகர் ஒன்றுக்குப் பெற்றோருடன் குடிபெயர்கிறாள். தந்தை யூதர், தாய் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர், கலப்பு மணம் செய்துகொண்டதால் தாயைப் பெற்றோர் ஒதுக்கிவிட்டனர். காயப்பட்ட அத்தம்பதியர், எந்தச் சமயமும் இல்லாமல் மகளை வளர்த்து, பெரியவளானதும் அவளே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றனர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962லும் 1963லும் அளித்த தீர்ப்புகளால் அரசுப் பள்ளிகளில் அதிகாரபூர்வமான செபமும் விவிலிய வாசிப்பும் முடிவுக்கு வந்திருந்தன. சமயம் குடும்பத்தின் தனி விவகாரமாகிவிட்ட அச்சூழலில், குடும்பமும் கைவிரித்துவிட்ட சிறுமியே மார்கரெட்.

புது ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி, ஞாயிறு பள்ளிக்குப் போகிறாயா, யூத மையத்துக்குப் போகிறாயா என்பது. எதற்கும் போகாத மார்கரெட், யாருக்கும் தெரியாமல் ஒவ்வோர் இரவும் கடவுளோடு தனியாகப் பேசிவருகிறாள். பள்ளியில் ஆண்டு முழுவதற்கும் ஒரு சொந்த ஆய்வுப் பணியைத் தேர்ந்தெடுக்குமாறு ஆசிரியர் சொல்ல, அவள் சமயத்தையே தேர்ந்தெடுக்கிறாள். பாட்டியுடன் யூதத் தொழுகைக்கூடத்துக்கும், தோழியருடன் பிரெஸ்பிட்டேரியன், மெதடிஸ்ட் திருச்சபைகளுக்கும் சென்று பார்க்கிறாள். தான் தனிமையில் உணர்வதை எந்த இடத்திலும் அவளால் உணர முடிவதில்லை. இவற்றுள் மனத்தைத் தைப்பது கத்தோலிக்கக் கோவில் காட்சி. மற்றவர்களுக்கு முன்பே உடல் வளர்ச்சி பெற்ற வகுப்புத் தோழி ஒருத்தியைப் பற்றிப் பரவிய அவதூறை அவள் முகத்துக்கு நேரே வீசிவிட்டு, குற்றவுணர்வு தாளாமல் அவளைப் பின்தொடர்ந்து கோவிலுக்குள் சென்று, பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் நுழைந்து, திரைக்கு அப்பாலிருந்து குருவின் குரல் கேட்டதும் பேச முடியாமல் ஓடிவந்துவிடுகிறாள் மார்கரெட். ஆண்டு முழுவதும் சென்ற வழிபாட்டு இடங்களில் உண்மையான சமய உணர்வு அவளுக்குள் எழுந்த இடம் அதுவாகவே தோன்றுகிறது. எழுந்த உணர்வைச் சொல்வதற்கு அங்கிருந்த வடிவம்தான் அவளுக்கு உதவவில்லை.

நாவலின் மற்றோர் இழை, மார்கரெட்டும் தோழியரும் பூப்பெய்துவதற்காகக் காத்திருப்பது. உடல் வளர்ச்சி, மார்புக்கச்சை, மாதவிடாய் ஆகியவற்றைச் சிறுமியே கடவுளிடம் வெட்கமின்றிப் பேசலாம் என்பதே இந்நூலின் மாபெரும் துணிவு. உலகின் பல சமய மரபுகள் எந்த நாட்களில் பெண்ணை வழிபாட்டிலிருந்து விலக்கி வைத்தனவோ, அந்த நாட்களின் வருகையையே கடவுளிடம் வேண்டிப் பெற்று, அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறாள் மார்கரெட். ஆண்டாளை அறிந்த தமிழ் வாசகருக்கு, ஓர் இளம்பெண் தன் உடலையும் வேட்கையையும் மறைக்காமல் இறைவனை நேர்நின்று விளிப்பது புதுமையாகத் தோன்றாது. 1970இன் அமெரிக்கப் புறநகருக்கு அது பொறுக்க முடியாத புதுமையாக இருந்தது. ப்ளூம் தம் பிள்ளைகள் படித்த பள்ளிக்கே இந்நூலின் பிரதிகளை வழங்கியபோது, மாதவிடாய் பற்றிப் பேசுவதால் தலைமையாசிரியர் அதை நூலகத்தில் வைக்க மறுத்தார். அதன்பின் பல பதிற்றாண்டுகளாக அமெரிக்க நூலகங்களில் அதிகமாக எதிர்ப்புக்கு உள்ளாகும் நூல்களின் பட்டியலில் இது இடம்பெற்று வந்தது. உடலைப் பற்றிப் பேசியதும், திருச்சபை இன்றியே ஒரு சிறுமி கடவுளை வைத்துக்கொள்ளலாம் என்று காட்டியதும் எதிர்ப்பாளர் சொன்ன காரணங்களாக இருந்தன. அவர்கள் நூலைச் சரியாகவே படித்திருந்தனர் என்றே சொல்ல வேண்டும். இவ்விரண்டும் அதில் பிரிக்க முடியாதபடி ஒன்றாகவே இருக்கின்றன.

ஆனால் மார்கரெட் விடுதலையின் வெற்றிக்கொடியாக எழுதப்பட்டவள் அல்லள். ஒதுக்கிவைத்த தாத்தாவும் பாட்டியும் திரும்பிவந்து, அவள் கிறித்தவளே என்று உரிமை கொண்டாட, வீட்டில் எழும் பூசலில் மனம் கசந்து கடவுளோடு பேசுவதையே அவள் நிறுத்திவிடுகிறாள். ஆண்டிறுதியில் ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில், சமயத்தை நினைத்த மாத்திரத்தில் தேர்ந்தெடுத்துவிட முடியவில்லை என்றும், தனக்குப் பிள்ளைகள் பிறந்தால் அவர்களுடைய சமயம் எது என்று சிறு வயதிலேயே சொல்லிவிடப் போவதாகவும் குறிப்பிடுகிறாள். தேர்வுச் சுதந்திரத்தைப் போற்றும் தலைமுறையினர் இக்கடிதத்தைக் கண்டும் காணாமல் கடந்துவிடுவது வழக்கம். எதையும் கற்றுத்தராமல் 'தேர்ந்துகொள்' என்று சொல்வது சுதந்திரம் ஆகாது, அது ஒருவகைக் கைவிடல் என்பதை ஒரு சிறுமியின் வாயிலாகச் சொன்னதுதான் ப்ளூமின் நேர்மை.

ஃபிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' முப்பெரும் நாவல் (1995, 1997, 2000) இதே வினாவைப் புராண அளவுக்கு விரித்தெடுக்கிறது. கடவுளின் பெயரால் ஆளும் 'மஜிஸ்டீரியம்' என்ற திருச்சபை ஆட்சி நிலவும் மாற்றுலகில் வாழும் லைரா, இரண்டாம் ஏவாள் ஆவாள் என்று முன்னறிவிக்கப்பட்டவள். அவ்வுலகில் ஒவ்வொரு மனிதரின் உயிரும் விலங்கு வடிவில் உடலுக்கு வெளியே உடன் நடக்கிறது. குழந்தை பருவமடையும்போது அவ்விலங்கின் மாறும் உருவம் ஒரே உருவாக நிலைக்கிறது. அந்தப் பருவத்தில் மனிதர்மேல் படியத் தொடங்கும் 'டஸ்ட்' என்னும் கண்ணுக்குப் புலப்படாத துகளை ஆதிப்பாவத்தின் தடயமாகக் கருதும் திருச்சபையாளர், அதைத் தடுக்கக் குழந்தையையும் அதன் உயிர்விலங்கையும் வெட்டிப் பிரிக்கின்றனர். புல்மனின் பார்வையில் அத்துகள் பாவத்தின் அடையாளம் அல்ல, அறிவின் அடையாளம். ஏவாள் கனியை உண்டது வீழ்ச்சியென்று கற்பித்த மரபை, கவிஞர்கள் மில்டனையும் பிளேக்கையும் துணைக்கொண்டு அவர் தலைகீழாக்கி, அதை முதிர்ச்சி என்று எழுதினார். நார்னியாவைக் கடுமையாக விமர்சித்து அவர் 1998இல் எழுதிய கட்டுரையில் சூசனின் விலக்கம் முக்கியக் குற்றச்சாட்டாக இடம்பெற்றது. லூயிஸ் வெளியே நிறுத்திய வளர்ந்த பெண்ணை உள்ளே அழைத்து, அவள் வளர்வதிலேயே உலகங்களின் மீட்பை வைத்தவர் புல்மன் என்று இவ்விரு படைப்புகளையும் சேர்த்துப் படிக்கலாம்.

லைராவின் கதையைக் கடவுள் மறுப்பின் கதை என்று மட்டும் படித்தால் அதன் உயிர்ப்பகுதி விடுபட்டுவிடும். பொய் சொல்வதில் பெயர்பெற்ற இச்சிறுமி, இறந்தோரின் உலகில் பொய்க்கதை சொல்லும்போது அங்குள்ள பெண்முகப் பறவைகள் அவள்மேல் பாய்கின்றன. தன் வாழ்வில் நடந்ததை உள்ளபடி சொல்லும்போது அவையே அமைதியாகக் கேட்கின்றன. தீர்ப்பு நாள் என்ற சமயக் கருத்தின் இடத்தில், வாழ்ந்த வாழ்க்கைக்கு உண்மையான சாட்சியம் அளிக்கும் பொறுப்பைப் புல்மன் வைக்கிறார். எல்ஸி ஒரு நீதிபதிக்கு முன் நின்றது போலவே லைராவும் நிற்கிறாள் என்பதால், பக்தி மரபின் வாரிசாகவும் அவளைக் கருத இடமுண்டு. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட 2008ஆம் ஆண்டின் எதிர்ப்புப் பட்டியலில் இந்நூல் இரண்டாம் இடத்தில் இருந்தது. ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக அப்போதிருந்த கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ், 2004இல் புல்மனுடன் லண்டன் தேசிய நாடக அரங்கின் மேடையில் அமர்ந்து உரையாடியதோடு, சமயக் கல்வி வகுப்புகளில் இக்கதை பேசப்பட வேண்டும் என்றும் கருத்துத் தெரிவித்தார். கொடுங்கோன்மையாகிவிட்ட சமய அமைப்பைப் பற்றிய எச்சரிக்கை சமயத்துக்கே தேவையானது என்று அவர் கண்டது, தடை கோரியவர்கள் காணாத ஒன்று.

இந்த நாவல்கள் வெளிவந்த காலத்தில் சமூகமும் மாறிக்கொண்டிருந்தது. 'பியூ' ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பில், எந்தச் சமயத்தையும் சாராதவர் என்று தம்மைக் குறிப்பிட்ட அமெரிக்கர் 2007இல் நூற்றுக்கு 16 பேராக இருந்து, 2014இல் 23 பேராக உயர்ந்தனர். சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும் 3,000க்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட நூலில், அவர்களிடையே பரவியிருந்த சமயத்துக்கு 'ஒழுக்கநல ஆறுதல் இறைக்கொள்கை' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். உலகைப் படைத்து மேலிருந்து பார்க்கும் கடவுள் மனிதர் நல்லவராக நடப்பதை விரும்புகிறார், மகிழ்ச்சியே வாழ்வின் குறிக்கோள், இடர் வரும்போது மட்டும் அவரை அழைத்தால் போதும் என்பது அக்கொள்கையின் சாரம். மார்கரெட்டின் இரவுநேரப் பேச்சில் இதன் முன்னடையாளத்தைக் காண்போர் உண்டு. அது அவளுக்கு நியாயம் செய்யாத வாசிப்பு. அவளுடைய கடவுள் ஆறுதல் தருபவர் மட்டும் அல்லர், அவள் கோபித்துக்கொண்டு முகம் திருப்பக்கூடிய அளவுக்கு மெய்யானவர்.

சமயம் சாராதோர் பெருகிய இதே காலத்தில், ஆங்கில இளையோர் புனைவில் நம்பிக்கையுள்ள நாயகியர் வேறு வாசல் வழியாக நுழைந்தனர். ஆஸ்திரேலியாவின் ரண்டா அப்தெல் ஃபத்தாஹ் எழுதிய 'டஸ் மை ஹெட் லுக் பிக் இன் திஸ்?' (2005) நாவலில், மெல்போர்னில் வாழும் பாலஸ்தீன வம்சாவளிப் பெண்ணான பதினாறு வயது அமல், ஹிஜாபை எப்போதும் அணிவது என்று தானே முடிவெடுக்கிறாள். அவள் எடுத்த முடிவு அவளைத் துன்பத்துக்கு ஆளாக்குமோ என்று அஞ்சுபவர்கள் அவளுடைய முஸ்லிம் பெற்றோரே. பாலிக் குண்டுவெடிப்புக்குப் பிந்திய ஆஸ்திரேலியாவில், பேருந்திலும் வகுப்பறையிலும் ஒரு பள்ளி மாணவி தன் சமயத்தவர் அனைவருக்கும் பதில் சொல்ல வேண்டியவளாக ஆக்கப்படுவதை நூல் நகைச்சுவையோடும் வலியோடும் காட்டுகிறது. அமலின் தோழி லைலாவைப் பள்ளிப் படிப்பு முடியும் முன்பே மணமுடித்துவிட அவள் தாய் முயல்கிறாள். அது பண்பாட்டின் கேடு, சமயத்தின் கேடு அன்று என்று அமல் வாதிடுகிறாள். இந்தப் பிரிப்பு அத்தனை எளிதன்று. பண்பாட்டிலிருந்து கத்தரித்து எடுக்கப்பட்ட தூய சமயம் எந்த வீட்டிலும் வாழ்வதில்லை. ஆயினும் தன் மறையை வைத்தே தன் சமூகத்தைக் கேள்வி கேட்கும் உரிமையை ஒரு மாணவி எடுத்துக்கொள்வது குறிப்பிடத்தக்கது.

கனடாவைச் சேர்ந்த எஸ். கே. அலியின் 'செயின்ட்ஸ் அண்ட் மிஸ்ஃபிட்ஸ்' (2017) இதிலும் ஆழமாகச் செல்கிறது. ஹிஜாப் அணியும் ஜன்னா யூசுஃபிடம் பாலியல் வன்முறைக்கு முயல்பவன், குர்ஆனை முழுமையாக மனனம் செய்து பள்ளிவாசலில் எல்லோராலும் போற்றப்படும் இளைஞன். அவனைப் பற்றிச் சொன்னால் சமூகம் நம்பாது என்பதோடு, ஏற்கெனவே பழிக்கப்படும் தன் சமயத்தை வெளியார் முன் காட்டிக்கொடுப்பதாகிவிடுமோ என்ற அச்சமும் அவள் வாயைக் கட்டுகிறது. சிறுபான்மைச் சமூகத்துப் பெண்ணின் இந்த இரட்டைப் பூட்டை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இளையோர் நாவல்கள் அரிது. பேசுவதற்கான துணிவு அவளுக்கு வந்துசேரும்போது, அவளுடன் நிற்போருள் ஒருத்தி முகத்திரை அணியும் சௌசுன். ஜன்னா தொழுகையை விடுவதில்லை, பள்ளிவாசலை விடுவதில்லை. குற்றவாளி உடுத்தியிருந்த புனிதத்தை மட்டும் அவனிடமிருந்து உரித்தெடுக்கிறாள்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் டொமினிக்கன் குடும்பமொன்றில் வளரும் பதினைந்து வயது சியோமாராவை நாயகியாகக் கொண்ட எலிசபெத் அசெவேடோவின் 'தி போயட் எக்ஸ்' (2018) கவிதை வடிவிலான நாவல். அமெரிக்கத் தேசியப் புத்தக விருதையும் மறு ஆண்டில் பிரிட்டனின் கார்னகி பதக்கத்தையும் பெற்றது. இளமையில் கன்னியாஸ்திரி ஆக விரும்பி, அது நிறைவேறாமல், அலுவலகங்களைத் துப்புரவு செய்து பிழைக்கும் தாய், தன் கைகூடாத துறவை மகளின் உடல்மீது சட்டமாக்குகிறாள். மகள் ஒருவனை முத்தமிட்டதை அறிந்ததும் மாதா சுரூபத்தின் முன் அரிசியின்மேல் முழந்தாளிட வைக்கிறாள். கவிதை நோட்டைக் கண்டதும் எரித்துவிடுகிறாள். கத்தோலிக்கர் இளம் வயதில் தம் திருமுழுக்கை உறுதிசெய்துகொள்ளும் 'உறுதிப்பூசுதல்' என்ற அருளடையாளத்துக்கான வகுப்பில், ஏவாளைப் பற்றிக் கேட்கக்கூடாத கேள்விகளைக் கேட்கும் சியோமாரா, தன் மனம் இசையாமல் அந்தச் சடங்குக்கு உட்பட விரும்பவில்லை. இங்கே அசெவேடோ செய்யும் தேர்வு நுட்பமானது. சியோமாராவின் கேள்விகளைச் சினமின்றிக் கேட்டு, அவள் இதற்கு ஆயத்தமாகவில்லை என்று தாயிடம் சொல்பவரும், பின்னர் தாயையும் மகளையும் எதிரெதிரே அமர்த்திப் பேச வைப்பவரும் பங்குக்குருவான அருட்தந்தை ஷான்தான். குருவைவிடக் கடுமையான காவல் வீட்டுக்குள் இருந்தது.

நூற்றைம்பது ஆண்டுகளில் இந்நாவல்களின் தாய்மார் அடைந்த மாற்றம் தனியே ஆராயத்தக்கது. எல்ஸியின் தாய் சொர்க்கத்தில் இருந்தார், ஜோவின் தாய் கடவுளை நண்பராக்கித் தந்தார், மார்கரெட்டின் தாய் சமயத்தால் காயப்பட்டு மௌனமானார், சியோமாராவின் தாய் சமயத்தையே மகளுக்கு எதிரான ஆயுதமாக ஏந்தினார். ஆனால் அசெவேடோவின் தாய்க்குக் கொடுமைக்காரி என்ற ஒற்றைச் சாயம் பூசப்படவில்லை. புலம்பெயர்ந்த நகரில், பெண்ணின் உடலைக் குறிவைக்கும் தெருக்களில், மகளைக் காப்பதற்குத் தெரிந்த ஒரே கருவியாக அவள் செபமாலையைப் பற்றியிருக்கிறாள் என்பதையும் நூல் காட்டுகிறது. இந்த இரக்கத்தைக் காணாத சில பெற்றோர், வட கரோலைனாவில் ஒரு பள்ளி இந்நூலைப் பாடமாக வைத்ததைத் தங்கள் சமயத்துக்கு எதிரானது என்று வழக்காடினர். பாடத்துக்குத் தடை விதிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் 2020இல் மறுத்துவிட்டது.

சமயத்தால் முற்றிலும் நசுக்கப்படும் நாயகியரும் இக்காலத்தில் உண்டு. பெண்ணை நேசிக்கும் பெண்ணை 'மாற்றுவதற்காக' நடத்தப்படும் சுவிசேஷ விடுதிக்குள் அடைக்கப்படும் சிறுமியைப் பற்றிய எமிலி டான்ஃபோர்த்தின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் கேமரன் போஸ்ட்' (2012) அத்தகையது. இதற்கு நேர் எதிரே, கிறித்தவப் பதிப்பகங்கள் தம் வாசகியருக்கென்றே வெளியிடும் நாவல் வரிசைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ராபின் ஜோன்ஸ் கன் 1988இல் தொடங்கிய 'கிறிஸ்டி மில்லர்' வரிசை அவற்றுள் பெயர்பெற்றது. இவ்விரு நீரோட்டங்களின் வாசகியரும் ஒருவர் நூலை மற்றவர் தொடுவது அரிது. ஆய்வாளரும் பெரும்பாலும் முதல் வகையையே எடுத்துக்கொள்வதால், நம்பிக்கையுள்ள சிறுமியர் உண்மையில் எதைப் படித்து வளர்கின்றனர் என்பது விமர்சனத்தின் கண்ணில் படாமலேயே போகிறது. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

நாவலாசிரியர்களிடம் உள்ள குறை வேறொன்று. மார்கரெட்டின் நாவல் வெளிவந்து இரண்டு ஆண்டுகளில், 1972இல், அமெரிக்கச் சீர்திருத்த யூத மரபு தன் முதல் பெண் ரபியாகச் சாலி பிரீசாண்டை நியமித்தது. கனடாவின் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 1966இல் பெண்களுக்குப் போதகர் நிலையைத் திறந்தது. இங்கிலாந்துத் திருச்சபை 1994இல் பெண்களைக் குருக்களாக்கத் தொடங்கியது. ஆனால் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட நாவல்களில், இளம்பெண்ணின் ஐயத்தைச் சமய அமைப்பின் சார்பில் செவிமடுக்கும் பெரியவர் எவரும் பெண் அல்லர். ஜன்னாவுக்கு இமாமான மாமா, சியோமாராவுக்கு அருட்தந்தை ஷான், மார்கரெட்டுக்குத் திரைக்கு அப்பாலிருந்த ஒரு குரல். லைராவுக்கு வழிகாட்டும் மேரி மலோன் கன்னியாஸ்திரியாக இருந்தவர். அவர் வழிகாட்டியாவது மடத்தைவிட்டு வெளியேறிய பிறகுதான். கேள்வி கேட்கும் சிறுமியை இளையோர் புனைவு முழு உருவில் படைத்துவிட்டது. அவளுக்கு முன்பே அதே கேள்விகளைக் கேட்டு, சமயத்துக்குள்ளேயே தங்கி, அதன் பொறுப்பையும் ஏற்று, இன்று அவளுக்கு எதிரே அமர்ந்து கேட்கக்கூடிய பெண்ணை அது இனிமேல்தான் எழுத வேண்டும்.